சிறுகதை படித்துக் கட்டுரை எழுதச் சொன்னால் கதையையே திருப்பிச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

சாக்பீஸ்தூள்

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு சிறுகதையைக் கொடுத்து, படித்துவிட்டு எதிர்வினைக் கட்டுரை எழுதுங்கள் என்றேன். 38 தாள் வந்தது. நேற்று ராத்திரி திருத்த உட்கார்ந்தவள் பத்தாவது தாளிலேயே பேனாவை மூடிவைத்துவிட்டு, மிச்சத்தைச் சும்மா படித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே தாள்தான். "ஓர் ஊரில் ஒரு கடிகாரக் கடைக்காரர் இருந்தார்" என்று ஆரம்பித்து, நடந்ததை வரிசையாகச் சொல்லி, கடைசிப் பத்தியில் "இக்கதையின் மூலம் ஆசிரியர் நமக்கு உணர்த்துவது யாதெனில்" என்று ஒரு நீதியைப் போட்டு, கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் இழுத்திருக்கிறார்கள். நீதி மட்டும் தாளுக்குத் தாள் மாறுகிறது. ஒருத்தருக்கு நேர்மை, ஒருத்தருக்கு உழைப்பு, மூன்று பேருக்கு காலந்தவறாமை. கடிகாரம் வருகிறதே, அதனால்.

கதை நான் எழுதியது. அச்சில் வந்த கதையைக் கொடுத்தால் சுருக்கத்தை எங்கிருந்தாவது எடுத்துவிடுகிறார்கள் என்று நானே மூன்று பக்கம் எழுதினேன், பிள்ளைகளிடம் அதைச் சொல்லவில்லை. கதை இதுதான். கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவரிடம் ஒரு பையன் சாயங்கால நேரம் ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் கொண்டுவருகிறான். சாவி கொடுக்கிற வகை. பின்மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பொடிப்பொடியாக ஒரு கீறல், பழுதுபார்த்தவர்கள் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் கீறிவைப்பார்களே, அது. கீறியது இவரேதான், இருபது வருஷத்துக்கு முன்னால். "இது யாருடையது?" "அப்பாவுடையது." "அவர் வரவில்லையா?" "இல்லை." பையன் தலையைச் சாய்த்துப் பார்ப்பதை அவர் ஒரு கணம் பார்க்கிறார். வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. "நாளைக்கு வா" என்கிறார். மறுநாள் காலையில் பையன் வருகிறான், கடை பூட்டியிருக்கிறது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கிறான். உள்ளே மேசைமேல் அவன் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, சரியான நேரம் காட்டுகிறது. முடிந்தது.

38 பேரில் ஒருவர்கூட, வேலை முடிந்த பிறகு ஏன் நாளைக்கு வரச் சொன்னார் என்று கேட்கவில்லை. பாதிப் பேர் அந்த வரியையே விட்டுவிட்டார்கள். எங்கே தவறு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மைக்கூடு

டீச்சர், நீங்கள் கொடுத்த கேள்வியை அப்படியே போடுங்கள் பார்ப்போம். பாதி நோய் அங்கேதான் இருக்கும்.

சாக்பீஸ்தூள்

"கதையைப் படித்து, அது குறித்த உங்கள் எதிர்வினையை 400 சொற்களுக்கு மிகாமல் கட்டுரையாக எழுதுக." இப்போது திரும்பப் படித்தால் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மைக்கூடு

அதுதான். எதிர்வினை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. பிடித்ததா என்று சொல்வதா, நீதி சொல்வதா, ஆராய்வதா? பிள்ளைக்குத் தெரிந்த ஒரே பத்திரமான வேலை கதையைச் சொல்வது. அதைச் செய்துவிட்டான். வெறும் கையோடு அனுப்பினால் என்ன கொண்டுவருவான்?

பின்பெஞ்சு

நான் மாணவன், இங்கே எழுதலாம்தானே. உண்மையைச் சொல்கிறேன். கதையை முழுக்கத் திருப்பிச் சொல்லாவிட்டால் நாங்கள் படிக்கவே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள் என்ற பயம்தான் காரணம். சின்ன வகுப்பிலிருந்தே கதைச்சுருக்கத்துக்கு இத்தனை மார்க், நீதிக்கு இத்தனை மார்க் என்றுதான் பழக்கினார்கள். இப்போது திடீரென்று நீயாக யோசி என்றால் இதில் ஏதோ பொறி இருக்கிறது என்றுதான் தோன்றும்.

எனக்கு உதவியது ஒரே ஒரு வாக்கியம். எங்கள் மிஸ், "நீ எழுதுவது இந்தக் கதையை நேற்றே படித்து முடித்த ஒருத்தருக்கு" என்றார்கள். படித்தவரிடம் போய்க் கதை சொல்ல முடியாதே. சொன்னால், தெரியும் மேலே சொல் என்பார்.

சாக்பீஸ்தூள்

தம்பி, இதை நான் நாளைக்கே கரும்பலகையில் எழுதப் போகிறேன்.

பழம்பேனா

முப்பது வருஷம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேள்வியை மாற்றினால் மட்டும் சரியாகிவிடாது என்பது என் அனுபவம். நல்ல கேள்வி கொடுத்தாலும் பிள்ளைகள் கதையைப் படிக்கிற விதம் பழையதாகவே இருந்தால் விடையும் பழையதாகத்தான் வரும். அவர்கள் என்ன நடந்தது என்று மட்டும் படிக்கிறார்கள், ஏன் இப்படிச் சொல்லியிருக்கிறது என்று நின்று பார்ப்பதில்லை. நிற்க வைப்பதுதான் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

நான் செய்தது இது. சிறுகதையில் ஒரு பெரிய வசதி, ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம். அமெரிக்கக் கதாசிரியர் எட்கர் ஆலன் போ 1842இல் இன்னொரு கதாசிரியரான ஹாதோர்னின் கதைகளைப் பற்றி எழுதிய மதிப்புரையில் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார், ஒரே அமர்வில் படிப்பதால்தான் கதையின் விளைவு சிதறாமல் ஒன்றாக நிற்கிறது என்று. வாத்தியாருக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு, அதே பீரியடில் இரண்டாம் முறையும் படிக்க வைக்கலாம். நாவலில் அது நடக்காது. முதல் தடவை கையில் பென்சில் கூடாது, சும்மா படிக்க வேண்டும். இரண்டாம் தடவை பென்சிலோடு. எங்கே நின்றீர்களோ, எங்கே "என்னது?" என்று தோன்றியதோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அழகான வரிக்குப் புள்ளி வேண்டாம், புரியாத வரிக்கும் நெருடுகிற வரிக்கும் மட்டும். மூன்று புள்ளிக்கு மேல் போகக்கூடாது.

அப்புறம் அந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷம் எழுத வேண்டும். கட்டுரை இல்லை, நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனக்குத்தானே. "ஏன் நாளைக்கு வரச் சொன்னார்? கூடக் காசு கேட்கவா? இல்லை, காசைப் பற்றிக் கதையில் பேச்சே இல்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரட்டும் என்றா? அப்படியென்றால் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே. கடிகாரத்தை ஒரு ராத்திரி தன்னிடம் வைத்துக்கொள்ள ஆசையா?" இப்படி ஓடும். இதை நான் வாங்கிப் பார்க்க மாட்டேன், மார்க்கும் கிடையாது. வாங்கிப் பார்ப்பேன் என்று தெரிந்தால் உடனே "யாதெனில்" வந்துவிடும்.

கட்டுரையின் மைய வாக்கியம் இந்தக் கிறுக்கலிலிருந்துதான் வர வேண்டும். வந்ததா என்று பார்க்க நான் வைத்த சோதனை ஒன்றே ஒன்று. அதே கதையைப் படித்த பக்கத்துப் பையன் அதைக் கேட்டுவிட்டு "இல்லையே" என்று தலையாட்ட முடியுமா? "இந்தக் கதை மனித உறவுகளின் மேன்மையைச் சொல்கிறது" என்றால் யார் மறுப்பார்கள்? மறுக்க முடியாததால் அதை நிறுவவும் வேண்டியதில்லை, அதனால் பையனுக்கு எழுத ஒன்றும் இருக்காது, கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். "கடைக்காரர் அந்தப் பையனை இன்னொரு தடவை பார்க்கத்தான் நாளைக்கு வரச் சொன்னார், ஆனால் விடிந்ததும் அந்தத் தைரியம் போய்விட்டது" என்று ஒருவன் எழுதினால் பக்கத்தில் இருப்பவன் உடனே சண்டைக்கு வருவான். அந்தச் சண்டைக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் கட்டுரை நீளும்.

நாலுவரிநோட்டு

பழம்பேனா சார் சொல்வதில் பெரும்பகுதி சரி, ஆனால் ஒரு இடம் எனக்கு ஒட்டவில்லை. எல்லாவற்றையும் வாதமாகவே ஆக்கிவிட்டால் இலக்கிய வகுப்பு கோர்ட் மாதிரி ஆகிவிடும். எதிர்வினை என்ற சொல்லிலேயே படிக்கிறவன் இருக்கிறான். லூயிஸ் ரோசன்பிளாட் என்கிற அமெரிக்க இலக்கியப் பேராசிரியை 1938இலேயே எழுதினார், பொருள் காகிதத்திலும் இல்லை, வாசகன் தலையிலும் இல்லை, இரண்டும் சந்திக்கிற இடத்தில் உண்டாகிறது என்கிற மாதிரி. போன வருஷம் என் வகுப்பில் ஒரு பெண், கதையில் வந்த ஒரு குடையைப் பற்றி எழுதப் போய், இறந்துபோன தன் தாத்தாவின் குடையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். அந்த வருஷத்திலேயே எனக்கு வந்த நல்ல எழுத்து அதுதான். அதை வாதம் இல்லை என்று நான் ஒதுக்க வேண்டுமா?

பழம்பேனா

ஒதுக்க வேண்டாம். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் கதை எங்கே இருந்தது?

நாலுவரிநோட்டு

முதல் பத்தியில்.

பழம்பேனா

அவ்வளவுதானா? அப்போது அது நல்ல ஞாபகக் கட்டுரை, கதைக்கு எதிர்வினை இல்லை. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்கிற ஆங்கில விமர்சகர் கேம்பிரிட்ஜில் செய்த சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, எழுதி வாங்கினார், 1929இல் புத்தகமாக வந்தது. படிப்பு எங்கே தடுக்கி விழுகிறது என்று அவர் போட்ட பட்டியலில் முதலில் வருவது நேர்ப் பொருளே பிடிபடாமை. கூடவே இன்னொன்று, சொந்த ஞாபகம் ஒன்று குறுக்கே வந்து கவிதையை மறைத்துவிடுவது. இன்னொன்று, தயாராக வைத்திருக்கும் உணர்ச்சியை எடுத்து ஒட்டிவிடுவது. அந்த மாணவர்கள் ஒன்றும் மோசமானவர்கள் இல்லை, நன்றாகப் படித்த பிள்ளைகள். தாத்தா குடை இரண்டாவது வகை, இவர்களுடைய "யாதெனில்" மூன்றாவது வகை.

நாலுவரிநோட்டு

ரிச்சர்ட்ஸை வைத்து அந்தப் பெண்ணை அடிக்காதீர்கள் சார். :) ஆனால் நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ரோசன்பிளாட்டும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று சொல்லவில்லை, கதையில் இருப்பதோடு மோதுகிற வாசிப்பு செல்லாது என்றுதான் அவரும் சொல்கிறார். அதனால் நான் இப்படிச் செய்யலாம் என்று பார்க்கிறேன். தாத்தாவின் குடை உள்ளே வரட்டும், ஆனால் போன வழியே திரும்பி வர வேண்டும். அதாவது அந்த ஞாபகத்தால் கதையில் உனக்கு என்ன கூடுதலாகத் தெரிந்தது, குடை ஞாபகம் இல்லாதவன் கதையில் எதைத் தவறவிடுவான் என்று அவள் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அது வேறு நோட்டுக்கு.

பழம்பேனா

இதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏடுபுரட்டி

எல்லாரும் வெளியே தேடுகிறீர்கள், நம் வீட்டுப் பரணில் இருப்பதையும் ஒரு தடவை பார்க்கலாம். தொல்காப்பியம் செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்லியிருக்கிறது, அதில் நடுவே வருகிற சில: கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம். செய்யுளுக்குச் சொன்னதுதான், ஆனால் நான் பல வருஷமாகச் சிறுகதைக்கு இதைத்தான் கேள்வியாக மாற்றிப் போடுகிறேன். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எந்த இடத்தில் நின்று, எந்த நேரத்தில்? பிள்ளைகள் பேசாமல் தாண்டிப் போகிற கேள்வி இரண்டாவது, யாரிடம் என்பது. கடைக்காரர் "அவர் வரவில்லையா?" என்று கேட்கிறாரே, அது பையனிடம் கேட்டதா, தனக்குத்தானே கேட்டதா? "உன் அப்பா வரவில்லையா" என்று கேட்கவில்லை, "அவர்" என்கிறார். முன்பின் தெரியாத வாடிக்கையாளரைப் பற்றிக் கேட்கிற ஆள் அப்படித்தான் கேட்பாரா என்று ஒரு பிள்ளை யோசிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு வகுப்பு எடுத்தாயிற்று என்று அர்த்தம்.

எச்சத்துக்கு அங்கே சொல்லும் விளக்கம் இதைவிட நன்றாக இருக்கும். சொல்லாலோ குறிப்பாலோ முடித்துக்கொள்ளும்படி விட்டிருப்பது எச்சம். டீச்சர், உங்கள் கதை முழுக்கவே எச்சம்தான். ஆனால் ஒன்றைக் கறாராகச் சொல்லிக்கொடுங்கள், எச்சம் என்றால் இஷ்டத்துக்கு நிரப்புவது இல்லை. விட்டிருக்கிற இடத்தின் விளிம்பு கதையிலேயே இருக்கும், அந்த விளிம்புக்குப் பொருந்துவதைத்தான் வைக்கலாம்.

இன்னொன்று. "கதை சோகமாக இருந்தது" என்பதற்கு மேல் எழுதத் தெரியவில்லை என்று எல்லாரும் குறைப்படுகிறோம், அவர்களிடம் சொல் இல்லை என்பதுதான் உண்மை. நகை, அழுகை, இளிவரல் (இழிவுபட்டுக் கூசுவது), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சி, எட்டையும் பலகையில் எழுதிவிட்டு, பூட்டிய கடைக்கு முன்னால் நிற்கிற பையனுக்கு எது என்று கேளுங்கள். அழுகை என்று கத்துவார்கள். கொஞ்சம் விட்டுப் பிடித்தால் எவனாவது மருட்கை என்பான். அங்கே ஆரம்பிக்கும்.

சாக்பீஸ்தூள்

"அவர்" என்ற சொல்லை நான் யோசித்து எழுதவில்லை என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன், கை தானாக எழுதியது.

இதைத் தொட்டு ஒன்று கேட்கிறேன். பாதித் தாளில் அப்பா இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள், ஏழெட்டுப் பேர் அப்பாவும் கடைக்காரரும் அண்ணன் தம்பி என்று முடிவே கட்டிவிட்டார்கள். கதையில் இரண்டும் இல்லை. "வரவில்லையா?" "இல்லை." அவ்வளவுதான் இருக்கிறது. இதைத் தவறு என்று அடிப்பதா?

மைக்கூடு

அடிக்காதீர்கள், "எந்த வரி?" என்று மட்டும் ஓரத்தில் எழுதுங்கள். அண்ணன் தம்பி என்று சொன்னவன் தலை சாய்த்துப் பார்க்கிற வரியைக் காட்டுவான், அது ஓரளவு நிற்கும், சாயல் என்று ஒன்று இருக்கிறதே. இறந்துவிட்டார் என்றவன் "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லைத்தான் காட்ட முடியும். அதுவும் முடியும், அப்பா வேலையாக இருந்தால் பையன் அதைச் சொல்லியிருப்பானே, ஏன் ஒரே சொல்லில் நிறுத்தினான் என்று வாதாடலாம். ஆனால் அவன் "இறந்திருக்கலாம் என்று படிக்க இடம் இருக்கிறது" என்று எழுத வேண்டும், "இறந்துவிட்டார்" என்று எழுதக்கூடாது. இந்த "இருக்கலாம்"மைச் சொல்லிக்கொடுத்தாலே பாதிக் கட்டுரை தேறிவிடும்.

மேற்கோளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கதையிலிருந்து காட்டு என்றால் பிள்ளைகள் ஐந்து வரியை அப்படியே தூக்கிவைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள், மேற்கோள் தானே பேசிக்கொள்ளும் என்று. பேசாது. டூல்மின் என்கிற தர்க்கக்காரர் 1958இல் வாதத்தைப் பிரித்துக் காட்டினார், சொல்வது ஒன்று, அதற்கு ஆதாரம் ஒன்று, இந்த ஆதாரம் எப்படி அந்தச் சொல்லுக்கு ஆதாரம் ஆகிறது என்கிற பாலம் ஒன்று. நம் பிள்ளைகளிடம் முதல் இரண்டும் இருக்கிறது, பாலம் இல்லை. நான் வைத்திருக்கிற விதி, மேற்கோள் ஐந்து சொல்லைத் தாண்டக்கூடாது, அதற்குப் பிறகு வருகிற இரண்டு வாக்கியமும் அந்தச் சொற்களைப் பற்றியே இருக்க வேண்டும்.

ஒரு மாதிரி:

முன்பு: கடைக்காரர் பையனிடம் நாளைக்கு வா என்று கூறினார். இதிலிருந்து அவர் நல்லவர் என்பது தெரிகிறது.

பின்பு: வேலை "பத்து நிமிஷத்தில்" முடிந்துவிட்டதைக் கதைசொல்லி நமக்குச் சொல்கிறார், கடைக்காரர் பையனுக்குச் சொல்லவில்லை. அதனால் "நாளைக்கு வா" என்பது பையன் காதில் வேலை பாக்கி இருப்பதாகவும் நம் காதில் வேறு ஏதோ பாக்கி இருப்பதாகவும் விழுகிறது. அந்தப் பாக்கி பின்மூடிக்குள் இருக்கிற கீறலோடு சம்பந்தப்பட்டது என்று நினைக்க இடம் உண்டு, ஏனென்றால் அதைப் பார்த்த பிறகுதான் அவர் முதல் கேள்வியைக் கேட்கிறார்.

இரண்டாவதில் ஆடம்பரமான சொல் ஒன்றுகூட இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். "ஆசிரியர்" என்பதற்குப் பதில் "கதைசொல்லி" என்று போட்டிருப்பதையும் காட்டுங்கள். இவர்கள் "ஆசிரியர் கூறுகிறார்" என்று எழுதும்போது கதை எழுதியவரா, வகுப்பில் நிற்கிறவரா என்று எனக்கே பல தடவை குழம்பியிருக்கிறது, உங்கள் வகுப்பில் இரண்டும் ஒரே ஆள் வேறு.

சிவப்புமை

எல்லாம் சரி, பிழைகளை யார் பார்ப்பது? மேலே சொன்ன அத்தனை யோசனையிலும் ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை பற்றி ஒரு வரி இல்லை. "கடைகாரர்" என்று எழுதுகிறவன் மருட்கை பற்றி எழுதி என்ன பயன்? முன்னுரை, உள்தலைப்பு, முடிவுரை என்று ஒரு கட்டுக்கோப்பு இருந்தது, அதையும் இப்போது கைவிடச் சொல்கிறீர்கள் போலிருக்கிறது. சுமாரான பையனுக்கு அந்தச் சட்டகம்தான் ஊன்றுகோல்.

பழம்பேனா

பிழையைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, எப்போது பார்ப்பது என்பதுதான் பேச்சு. முதல் பிரதியில் ஒற்றைத் திருத்தினால் பையன் அடுத்த பிரதியில் ஒற்றை மட்டும்தான் சரிசெய்து கொண்டுவருவான், யோசனையைத் தொடமாட்டான். அவனைக் குறைசொல்ல முடியாது, நாம் எங்கே சிவப்பு அடித்தோமோ அங்கேதானே அவன் கண் போகும். நான் முதல் பிரதியில் மைய வாக்கியத்துக்கு அடியில் ஒரு கோடு, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி, அவ்வளவோடு திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு தாளுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். பிழை இரண்டாம் பிரதியில், அங்கே தாட்சண்யமே கிடையாது.

சட்டகம் விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். ஊன்றுகோல் சரிதான், ஆனால் என்னிடம் வந்த தாள்களில் ஊன்றுகோல் மட்டும் நடந்து வந்தது, ஆள் வரவில்லை.

சிவப்புமை

நன்றாகப் பேசுகிறீர்கள். 38 தாளை இரண்டு தடவை திருத்த டீச்சருக்கு எங்கிருந்து நேரம் வரும் என்றும் சொல்லிவிட்டால் நல்லது.

நாலுவரிநோட்டு

முதல் பிரதியை டீச்சர் பார்க்கவே வேண்டாம். மைய வாக்கியத்தை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, பெயர் போடாமல் வகுப்பில் சுற்றவிடுங்கள். ஒவ்வொருவரும் தன் கைக்கு வந்த சீட்டில் "ஒத்துக்கொள்கிறேன், இந்த வரியால்" அல்லது "ஒத்துக்கொள்ள மாட்டேன், இந்த வரியால்" என்று எழுத வேண்டும். எந்தச் சீட்டுக்கு எல்லாரும் ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதினார்களோ அதை எழுதியவனுக்குத்தான் வேலை பாக்கி. பழம்பேனா சார் சொன்ன தலையாட்டும் சோதனைதான், ஆனால் நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிடும், நீங்கள் ஒரு தாளும் வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டாம்.

பின்பெஞ்சு

சாட்ஜிபிடி பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்க்கிறேன். கதையை உள்ளே போட்டால் ஒரு நிமிஷத்தில் கட்டுரை வந்துவிடும், ஒற்றுப்பிழையும் அவ்வளவாக இருக்காது, சிவப்புமை சாருக்குப் பிடிக்கும்.

மைக்கூடு

வரும், தம்பி. ஆனால் பென்சில் புள்ளி வைத்த தாளும், கடைசிப் பக்கக் கிறுக்கலும், சீட்டில் மற்றவன் எழுதிய மறுப்பும் வகுப்பிலேயே நடந்துவிட்டால் வீட்டுக்குப் போய் அதனிடம் கேட்க மிச்சம் என்ன இருக்கிறது? கேட்டால் கேட்கட்டும், சீட்டில் வந்த மறுப்புக்கு இரண்டாம் பத்தியில் பதில் இருக்கிறதா என்று மட்டும் நான் பார்ப்பேன்.

சாக்பீஸ்தூள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும், நடுவில் பரீட்சை.

கேள்வியை மாற்றினேன். "இந்தக் கதையை ஏற்கெனவே படித்த ஒருவருக்கு எழுதுங்கள். கதையில் உங்களை நிறுத்திய ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அது ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுவதை அவர் ஒத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள்." பென்சில் புள்ளி வேலையும் நடந்தது, சீட்டுச் சுற்றலும் நடந்தது. சீட்டுச் சுற்றல் முதல் நாள் வெறும் கூச்சலாகப் போய்விட்டது, பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் நானே எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், அப்போது சரியாக வந்தது.

இரண்டாம் பிரதியில் பத்துப் பன்னிரண்டு பேர் இன்னும் கதைதான் சொல்கிறார்கள், ஆனால் சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஐந்தாறு பேர் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அதை நாலு பத்திக்கு மாவு மாதிரி பிசைந்திருக்கிறார்கள், அதுவும் சொல்ல வேண்டிய பிரச்சினைதான். மெய்ப்பாடு எட்டும் எழுதிப்போட்ட அன்றைக்கு இளிவரல் என்றால் என்ன என்று விளக்கவே பாதி பீரியட் போனது, ஆனால் ஒரு பெண் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, பூட்டிய கடைக்கு முன்னால் நிற்கிற பையனுக்கு வந்தது பயமோ சோகமோ இல்லை, ஏமாற்றப்பட்ட இளிவரல் என்று எழுதியிருக்கிறாள், கண்ணாடி வழியாகத் தன் பொருளையே பார்த்துக்கொண்டு எடுக்க முடியாமல் நிற்பதை வைத்து. எனக்குத் தோன்றவே தோன்றாதது அது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கடைசி பெஞ்சில் ஒரு பையன், வாயே திறக்காதவன், அவன் புள்ளி வைத்தது கடைசி வரிக்கு. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, சரியான நேரம் காட்டுகிறது. அவன் எழுதியது இதுதான்: "இது சாவி கொடுக்கும் கடிகாரம். யாரும் சாவி கொடுக்காவிட்டால் நின்றுவிடும். காலையிலும் ஓடுகிறது என்றால் அவர் காலையில் வந்து சாவி கொடுத்துவிட்டு, பையன் வருவதற்குள் கடையைப் பூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவர் ஓடிப்போகவில்லை. பையனுக்காக வந்தார், பையனைப் பார்க்கத்தான் முடியவில்லை."

"இருக்கலாம்" போட்டிருக்கிறான் பாருங்கள், மைக்கூடு.

சீட்டு சுற்றும்போது ஒருத்தி மறுப்பு எழுதினாள். அவள் வீட்டில் அந்த மாதிரி கடிகாரம் இருக்கிறதாம், முழுச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாள் ஓடும், சாயங்காலம் கொடுத்த சாவியே காலைக்குத் தாராளமாகப் போதும், அவர் வர வேண்டிய அவசியமே இல்லை என்று. அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. கடிகாரம் எத்தனை மணிநேரம் ஓடும் என்பது கதையில் இல்லாத விஷயம், அதை உள்ளே கொண்டுவரலாமா கூடாதா என்று ஒரு கட்சி. கதையில் கடிகாரம் இருக்கிறது, அதனால் கடிகாரத்தைப் பற்றிய உண்மையும் இருக்கிறது என்று ஒரு கட்சி. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தான், மறுநாள் கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்துக் கொண்டுவந்தான்: போதும் என்பது பையனுக்குத் தெரியாது, அவன் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது அவனுக்கும் யாரோ இப்போதுதான் இங்கே இருந்தார் என்றுதான் தோன்றியிருக்கும் என்று.

நான் அதை எழுதும்போது கதை அழகாக முடியட்டும் என்றுதான் கடிகாரத்தை ஓடவிட்டேன். வேறு ஒரு நினைப்பும் இல்லை.

பழம்பேனா

அவனிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள் டீச்சர்.

சாக்பீஸ்தூள்

சொல்லவில்லை. ஆனால் நேற்று ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, "மிஸ், இந்தக் கதையை எழுதினது யாரு?" என்று கேட்டான். பேப்பரில் பெயர் இல்லை என்று சமாளித்துவிட்டேன்.

பின்பெஞ்சு

அவனுக்குத் தெரிந்திருக்கும் மிஸ்.